முயல் விடும் நாள்

ஊருக்குப் பேர் பிறை.
நான் நாள் முழுக்கப் பார்ப்பதோ பௌர்ணமி:
முப்பதடிக் குழாயின் இந்த வாயில் என் கண்,
அந்த வாயில் ஹனாஃபியின் டார்ச்.
துரு தெரிந்தால் மறுபடி பிரஷ்.
தெரியாவிட்டால் முயல்.

முயல் என்பது இரும்பு உருளை,
குழாயின் உள்வட்டத்தைவிட மூன்று மில்லிமீட்டர் ஒல்லி.
யார் வைத்த பேரோ.
இந்தப் பக்கம் விட்டால் அந்தப் பக்கம்
கடகடவென்று வந்து விழவேண்டும்.
விழுந்தால் சாக்பீஸில் ஒரு கோடு,
பிறகு கிரீஸ், ஆண் மரைக்கு மட்டும்,
அதுவும் விரல்நுனி அளவு.
பெண் மரையில் பூசினால் மிச்சம் உள்ளே பிதுங்கும்.

இருநூற்று நான்காவதில்
முயல் பாதி வழியில் நின்றது.
நிலவின் மேலோரம் யாரோ கடித்த மாதிரி.
காற்று அடித்தோம், தண்ணீர் பீய்ச்சினோம்,
கம்பி விட்டுக் குத்தியதில்
பொலபொலவென்று மண்;
மண்ணுக்குள் விறைத்துப்போன மூன்று சிலந்தி.

மூடி தொலைந்த குழாய்.
கிணற்றுக்குப் போகிற சாமான் என்று
குளவிக்கு யார் சொல்வது?

"கூடு வைத்தால் அந்த வீட்டில் பிள்ளை உண்டுக்கா,"
தீனதயாளன் சிரித்தான்,
"தவுக்கேவுக்கா, எண்ணெய்க் கம்பெனிக்கா?"
அதை மலாயில் சொல்லி ஹனாஃபியைச் சிரிக்கவைக்கக்
கொஞ்ச நேரம் ஆனது.

ஐந்து மணிக்கு லோரி. கெமாமானுக்கு ராத்திரி ஓட்டம்.
ஊய் இரண்டு முறை வந்து
கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போனார்.
மண்தானே என்று
அவர் வாயால் சொல்லவில்லை.

மூவாயிரம் மீட்டர் ஆழத்தில் வால்வு திறக்கும்.
சில மணி நேரம் கிணறு பேசும்.
மேலே வந்து சேரும் குளவி மண்ணை
மேலே இருப்பவர்கள் எப்படிப் படிப்பார்கள்?
கிணறே மண் கக்குகிறது என்றுதான்.
அது பேசும்போது
குழாய் குறுக்கே பேசக் கூடாது.

மூடியில்லாமல் வந்தவை இன்னும் பதினேழு.
எல்லாவற்றையும் இறக்கச் சொன்னேன்.
ஊய் ஒன்றும் பேசாமல்
லோரிக்காரனுக்குக் கோப்பி வாங்கப் போனார்.

ஆறரைக்கு இருநூற்று நான்கில்
முயல் ஓடி வந்து ஹனாஃபியின் கையில் விழுந்தது.
பதிவேட்டின் கடைசிக் கட்டத்தில்
'குளவி' என்று எழுதி, அடித்துவிட்டு,
'அந்நியப் பொருள்' என்று எழுதினேன்.

லோரி கிளம்புமுன்
புது மஞ்சள் மூடியை ஒன்று
சுற்றிச் சுற்றி வந்தது,
காலிடுக்கில் ஈர மண்ணோடு.