ஆறு இலக்கம்

"இந்த நிகழ்ச்சி உங்கள் நாட்டில் கிடைக்காது."
எது என் நாடு என்பதில்
எனக்கே இல்லாத நிச்சயம்
கறுப்புத் திரைக்கு.

நார்வே, ஓலசுண்ட்.
மீன் ஆலைக்குப் பின்னால் ஆட்கள் தங்கும் விடுதி.
மேல்கட்டில் இருந்து தலையைத் தொங்கவிட்டு
எர்னெஸ்டாஸ்தான் வழி சொன்னான்:
மாதம் ஐந்து யூரோ, ஒரு பொத்தான்,
அழுத்தினால் நீ லித்துவேனியாவில் இருக்கிறாய்.

அழுத்தினேன்.
உடம்பு ரப்பர் பூட்ஸுக்குள் இங்கேயே நின்றது.
முகவரி மட்டும் கடல் தாண்டிப் போய்
கௌனாஸில் உட்கார்ந்துகொண்டது.

ஆனாலும் சேனலுக்குச் சந்தேகம்.
நீங்கள்தானா நீங்கள்?
41 என்று முடியும் எண்ணுக்குக்
குறியெண் அனுப்பியிருக்கிறோம், பத்து நிமிடம் செல்லும்.

41 நியொலேயின் எண்.
என் பெயரில் நான் வாங்கிக் கொடுத்தது.
பிரிந்தபோது
வீடு அவளுக்கு, கார் எனக்கு,
நாய் அவளுக்கு என்று எழுதினார்கள்.
எண்ணை யாரும் நினைக்கவில்லை.

பதினோரு வருடம்.
மூன்று முறை எழுதி மூன்று முறை அழித்து
அனுப்பியது இவ்வளவுதான்:
"ஒரு குறியெண் வரும். சொல்ல முடியுமா?"

பத்து நிமிடம் செத்தது.
மறுபடி அழுத்தினேன்.

705318

வணக்கமில்லை. முற்றுப்புள்ளிகூட இல்லை.

அப்புறம் பார்த்தேன், எல்லாம் பார்த்தேன்.
அங்கே எட்டு மணிச் செய்தி, இங்கே மணி ஏழு;
ஊர் எப்போதும் என்னைவிட
ஒரு மணி நேரம் மூத்தது.
விளம்பரத்தில் ஹெர்ரிங் மீன், இந்த வாரம் தள்ளுபடி.
நான் அடுக்கிய மீன் என்று
வாலைப் பார்த்தே கண்டுகொண்டேன்.
பொய். வால் தெரியவில்லை.
பெட்டி எங்கள் பெட்டி.

முப்பது நாளுக்கொரு முறை
சேனல் என்னை மறந்துவிடும்.
முப்பதாம் நாள் மாலை
முகச்சவரம் செய்துகொள்வேன், ஏனென்று தெரியாது.
அவள் அனுப்புவாள்.
நாற்பது நொடியில் வந்தால் போன் கையில் இருந்திருக்கும்.
ஒன்பது நிமிடம் என்றால் ட்ராலி பஸ்ஸில் நெரிசல்.
ஒருமுறை எட்டே நொடி.
அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.
இரண்டு நாள் எடுத்துக்கொள்ளவில்லை,
மீன் வெட்டும்போதும்.

நவம்பரில் கூடைப்பந்து.
ஆறு இலக்கத்துக்கு அடியில், முதல்முறையாக, ஒரு வரி:
"இன்று ஆட்டம். வயிறு எரியும், தயாராக இரு."

சுற்றுவழியில் வருவதால்
என் படம் அவள் படத்துக்கு
அரை நிமிடம் பிந்தி ஓடும்.
"ஐயோ" என்று வந்தது.
என் திரையில் பந்து இன்னும்
நம் பையன் கையில் இருந்தது.
அவன் குனிந்து, நிமிர்ந்து,
நம்பிக்கையோடு எறியப் போகிறான்.
அந்த அரை நிமிடத்தில்
எனக்கு முன்பே எல்லாம் தெரிந்த ஒருத்தி
என்னோடு உட்கார்ந்து
நான் தோற்பதற்காகக் காத்திருந்தாள்.

பிப்ரவரியில் அறிவிப்பு:
இனி ஐரோப்பாவில் எங்கிருந்தும் பார்க்கலாம்,
குறியெண் வேண்டாம்.
விடுதியில் கைதட்டினார்கள்.
ஐந்து யூரோ மிச்சம் என்று
எர்னெஸ்டாஸ் எல்லோருக்கும் பீர் ஊற்றினான்.
நானும் குடித்தேன்.

முப்பதாம் நாள்.
சவரம் செய்துகொண்டேன்.
சும்மா திறந்திருந்த கணக்கை விட்டு
நானே வெளியே வந்து
"கடவுச்சொல் மறந்துவிட்டது" என்பதை அழுத்தினேன்.

ஆறு இலக்கம் வந்தது.
கூடவே:
"இனி இது தேவையில்லை என்று செய்தியில் சொன்னார்களே."

"இந்தப் பக்கம் இன்னும் வரவில்லை" என்று எழுதினேன்.

மேல்கட்டில் எர்னெஸ்டாஸின் போனில்
வானிலை வாசித்துக்கொண்டிருந்தாள் ஒருத்தி.
கௌனாஸில் மழை, விடியும் வரை.

"அங்கே மழையா?" என்று கேட்டேன்.

எழுதுகிறாள் என்று மூன்று புள்ளிகள் துடித்தன.
நின்றன.
மறுபடி துடித்தன.