ஒலி மட்டும் உண்டு

ஸ்க்ராண்டனில், நெடுஞ்சாலையை ஒட்டிய விடுதியில்
ஒரு கல்யாண வரவேற்புக்கும்
காப்பீட்டு முகவர் கூட்டத்துக்கும் நடுவே
எங்களுக்கு ஒதுக்கிய அறை.
நூற்றுப் பதினொரு நாற்காலி.
பாதிக்கு மேல் முழங்கால் மாற்றிக்கொண்டவர்கள்.
ஒருவர் கறுப்பு மேலங்கியில் வந்தார்.
அதன் விளிம்பு லிஃப்ட் கதவில் சிக்கி
கதவு மூன்று முறை திறந்து திறந்து மூடியது.
சிரித்தோம். கேலியாக இல்லை.

‘மாரோ முனை.’
இவர்களெல்லாம் பள்ளி விட்டதும்
மூச்சிரைக்க ஓடிவந்து பார்த்த தொடர்.
நான் கடைக்குட்டி, ஐம்பத்திரண்டு வயது;
எனக்கு வாய்த்தது மறு ஒளிபரப்பு,
ஆஸ்பத்திரி இரவுப்பணி முடிந்து
காலுறை கழற்றாமல், தானியத்தைப் பாலில் ஊறவிட்டு.

மாளிகைச் சுவரெல்லாம் அட்டை.
கோபமாகக் கதவைச் சாத்தினால்
ஏழு தலைமுறை மூதாதையர் சட்டத்தோடு நடுங்குவார்கள்.
இருநூறு வருஷமாகச் சாகாத பிரபு
வசனம் மறந்துபோய்
சவப்பெட்டிக்குள் எட்டிப் பார்ப்பான்.
துக்கம் என்று நினைத்திருந்தேன்.
அங்கேதான் எழுதி ஒட்டியிருந்தார்களாம்.
எதையும் ஒரே தடவைதான் எடுப்பார்கள்.
ஈ வந்து மூக்கில் உட்கார்ந்தால்
அந்த ஈயும் சாபத்தில் சேர்ந்துவிடும்.

இன்று மேடையில் மார்கெரிட் டன்லேவி,
மூழ்கிச் செத்த மணப்பெண்.
எண்பத்தாறு. மூக்கில் ஆக்சிஜன் குழாய்.
“ஈர கவுனில் ஒன்பது மணி நேரம் நிற்கவைத்தார்கள்.
நிமோனியா ஏறியது. சம்பளம் ஏறவில்லை.”

பிறகு விளக்கை அணைத்தார்கள்.
அறுநூற்றுப் பன்னிரண்டாம் பகுதி.

படம் கிடையாது.
நிலையத்தார் அதே நாடாவில்
பௌலிங் போட்டி ஒன்றைப் பதிந்துவிட்டார்கள்.
மிஞ்சியது,
பஃபலோவில் பத்து வயது ரோமன் ஷ்விடெக்
டிவிக்கு எதிரே டேப் ரெக்கார்டரை வைத்து
அசையாமல் உட்கார்ந்து பிடித்த சத்தம்.

இருட்டில் நூற்றுப் பதினொரு பேர்.
காற்று, அதாவது யாரோ ஆட்டிய தகரம்.
அலை.
“இத்தனை காலம் கழித்து
என்னிடம் ஏன் வந்தாய்?” மணப்பெண்.
அதன்மேல் ஏறி
வெங்காயம் வதங்கும் ஓசை.
பிரபு பதில் சொல்ல வாயெடுக்கிறான்,
தடுமாறுகிறான், தெரிகிறது, மறந்துவிட்டான்,
அந்தப் பள்ளத்தில் சரியாக வந்து விழுகிறது
சமையலறைக் குரல்:
“ரோமெக், கதவைச் சாத்து. குளிர் வருது.”

அறையே அதைக் கூடச் சொன்னது.
நகலின் நகலின் நகலில் கேட்டுக் கேட்டு
அந்தப் போலிஷ் இழுவையோடு,
‘குளிரை’க் கொஞ்சம் அதட்டி,
மேலங்கிக்காரர் உட்பட எல்லோரும்.

மார்கெரிட் மட்டும் சொல்லவில்லை.
இதற்கு முன் அவள் இதைக் கேட்டதே இல்லை.
“நிறுத்துங்கள். யார் அந்தப் பெண்?
எங்கள் எவரையும்விடச்
சரியான நேரத்தில் பேசுகிறாளே.”

கடைசி வரிசையில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு
ஒரு பெரிய மனிதர் எழுந்தார்.
“ஜாட்விகா,” என்றார்.
“இரும்பாலை உணவகத்தில் வேலை.
இந்தத் தொடர் அவளுக்குப் பிடிக்காது.”
கொஞ்சம் யோசித்து,
“அவள் குரல் வேறு எதிலும் இல்லை.”

யாரும் கைதட்டவில்லை.
பக்கத்து அறையில் கல்யாணப் பாட்டு
யாரோ திறந்துவிட்டுப் போன கதவு வழியே
அக்டோபர் காற்றோடு உள்ளே வந்தது.

மார்கெரிட் குழாயைச் சரிசெய்துகொண்டாள்.
நாற்காலியிலேயே நிமிர்ந்தாள்.
எங்கிருந்து வந்ததோ, அந்த நனைந்த குரல்:
“இத்தனை காலம் கழித்து
என்னிடம் ஏன் வந்தாய்?”

பிரபுவாக நடித்தவர் போய்ப் பதினான்கு வருஷம்.
பதில் சொல்ல ஆளில்லை.
சமையலறை வரியை
இந்தமுறை நாங்களும் சொல்லவில்லை.
காத்திருந்தோம்.

ரோமன் நாற்காலிகளைப் பிடித்துப் பிடித்து நடந்துபோய்
கதவைச் சாத்தினார்.

சுவர் ஆடவில்லை.