ஆறாவது பெயர்

என் இக்காமாவில்
மதம் என்ற இடத்துக்கு நேரே
முஸ்லிம் அல்லாதவர் என்று இருக்கிறது.
ஏழு வருடமாகச் சட்டைப்பையில் கிடக்கிறது அட்டை.
நான் என்னவாக இல்லை என்பதே அதற்குப் போதும்.
என்னவாக இருக்கிறேன் என்று கேட்பவன்
ஜுபைல் முழுக்க
மேல்கட்டில் படுக்கும் இனாயத்துல்லா ஒருவன்தான்.
விளக்கை அணைத்த பிறகு கேட்பான்.
"படைச்சவன் ஒருத்தன் இல்லேன்னா
ராத்திரி எப்படிடா தூங்குறே?"

எனக்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை, இனாயத்.
புத்தகம் படித்துக் கெட்டவனில்லை.
தங்கச்சிக்கு வலிப்பு வந்த முதல் ஐந்து வருடமும்
மஞ்சள் துணி கட்டிக்கொண்டு
சமயபுரத்துக்கு நடந்தவன்தான்.
ஆறாவது வருடம் நடக்கவில்லை.
வலிப்பு கூடவும் இல்லை, குறையவும் இல்லை.
அங்கேதான் விட்டுப்போனது.
கோபித்திருந்தால்கூட நம்பியிருப்பேன்.

பகலில் என் வேலை உனக்குத் தெரியும்.
எண்ணெய் டேங்கின் மேன்ஹோல் வாயில்
ஒரு நாற்காலி, ஒரு விசில், ஒரு பதிவேடு.
உள்ளே போகிறவன் பெயர், போன நேரம்.
வெளியே வருகிறவன் பெயர், வந்த நேரம்.
வெயிலில் பேனா மை இளகி விரலில் வழியும்.
விதி ஒன்றுதான்:
உள்ளே எவன் விழுந்தாலும்
காவலுக்கு இருப்பவன் இறங்கக் கூடாது.
கூப்பிடலாம். ஊதலாம். ரேடியோவில் கத்தலாம்.
இறங்கினால் இரண்டு பிணம் என்று
பயிற்சியன்று மூன்று மொழியில் சொன்னார்கள்.

போன செப்டம்பர் ஷட்டவுன்.
ஆறு பேர் இறங்கினார்கள்.
பத்து நாற்பதுக்கு வாயுமானி அலறியது.
ஊதினேன்.
ஐந்து தலைகள் வந்தன,
கண் சிவந்து, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு.
ஆறாவது பெயர் டீகாராம் குருங்.
வந்த நேரம்: காலி.

கூப்பிட்டேன்.
இரும்பு என் குரலையே வாங்கிக்
கொஞ்சம் பெரிதாக்கித் திருப்பித் தந்தது.
அழுகிய முட்டை வாடை அடித்தால் ஓடு,
அடித்த வாடை நின்றுபோனால்
அதைவிட வேகமாக ஓடு என்பார்கள்.
மூக்கை முதலில் கொல்லும் வாயு அது.
எனக்கு வாடையே வரவில்லை.
எதுவும் இல்லாததாலா,
எல்லாம் முடிந்ததாலா?

பதினோரு நிமிடம்.
அதில் எத்தனையாவது நிமிடமோ,
டீகாராம் என்ற பெயர் நழுவி
மாரியாத்தா என்று வந்தது வாயில்.
இதை உன்னிடம் இன்றுதான் சொல்கிறேன்.
இன்னொன்றும் தோன்றியது.
அவளும் இப்படித்தானோ,
வாயிலில் உட்கார்ந்து பெயரெழுதிக்கொண்டு,
இறங்கக் கூடாதென்ற விதியோடு?
ஒரு கணம் அவளை மன்னித்தேன்.
மறுகணம் கேட்டேன்:
என் விதியைக் கம்பெனி எழுதியது,
உன் விதியை எழுதியது யாரடி?

தோளில் ஒரு கை.
"க்யா ஹுவா, பாய்?"
காகிதக் கப்பில் டீயோடு டீகாராம்.
பின்பக்க மேன்ஹோல் வழியே
பத்தரைக்கே ஒன்றுக்குப் போக ஏறியிருக்கிறான்.
சுற்றி வந்து கையெழுத்துப் போடச் சோம்பல்.
ஒரு அறை விட்டேன்.
பிறகு அவன் டீயை வாங்கிக் குடித்தேன்.
அவன் பெயருக்கு நேரே
பத்து ஐம்பத்தொன்று என்று எழுதினேன்,
பொய் நேரம்.

பார்த்தாயா, காப்பாற்றிவிட்டான் என்பாய்.
காப்பாற்றியது அவன் மூத்திரப்பை, இனாயத்.
சிரிக்காதே, கட்டில் ஆடுகிறது.
ஒன்று மட்டும் தொண்டையில் நிற்கிறது:
அத்தனை நேரமும்
ஆளில்லாத பொந்துக்குள் கத்திக்கொண்டிருந்திருக்கிறேன்,
கூப்பிடப்பட்டவன்
என் முதுகுக்குப் பின்னால்
டீ வரிசையில் நின்றிருக்கிறான்.
இதை உன் கணக்கில் எழுதுவதா,
என் கணக்கிலா?

நேற்றும் வந்ததாம் தங்கச்சிக்கு.
இரண்டு நிமிடம்.
இனி நடக்கப்போவதில்லை நான்.
தூங்கு.
சுபுஹுக்கு நீ இறங்கும்போது
என் காலையும் ஒரு தட்டுத் தட்டு.
ஐந்தரைக்கு பஸ்.