நாற்பத்தொரு கனமீட்டர்

இரவு பத்துக்குச் சாலையை மூடினோம், இரு திசையும்.
எண்பத்தாறு கூம்புகள்.
எண்ணி வைப்பவன் நான், விடிய எண்ணி எடுப்பவனும் நானே.
ஒன்று குறைந்தால் படிவம்.

இங்கத்தைய ஊர்ப்பெயர்கள் பழக எனக்குப் பல காலம் பிடித்தது.
எஸ்ஸன் என்றால் அவர்கள் மொழியில் சாப்பாடு.
அடுத்த ஊரை நம் வாயால் வாசித்தால், போகும்.
காலை ஏழரைக்கு எதுவும் போகாது.
ரூர் விரைவுவழி என்று அரசாங்கம் வைத்த பெயர்,
ஊர்கிற வழி என்கிறது சனம்.
நடுவே, இரு பக்க வாகனங்களுக்கும் இடையில்,
ட்ராம் ஒன்று யாரையும் பாராமல் முந்திப் போகும்.

கார் வருமுன் இது உப்புப் பாதை.
கிழக்கே ஊற்றுகளில் காய்ச்சிய உப்பு
வண்டியேறி மேற்கே ரைன் ஆற்றுக்குப் போனது.
உமணர் என்று பள்ளியில் மனப்பாடம் செய்த சொல்லுக்கு
இங்கே வந்துதான் எனக்கு ஆள் கிடைத்தது.
வண்டிக்கடியில் சேம அச்சொன்று கட்டியிருப்பார்களாம்.
சென்ற செவ்வாய் ஓரத்தில் நின்ற போலந்து லொறிக்கு
மாற்றுச் சில்லுப் பூட்ட நானும் குனிந்தேன்.
துருப்பிடித்த நட்டு. முக்கால் மணி நேரம்.
பின்னால் ஆறு கிலோமீட்டர் நெரிசல்,
வானொலியில் எங்களைச் சொன்னார்கள்.

உப்புக்குப் பிறகு கரி.
நிலத்தடிப் படுகை ஒவ்வொன்றுக்கும் பெயருண்டு.
நாங்கள் நிற்பதற்குக் கீழே ஓடுவதன் பெயர் வெயில்.
ஷிமானெக் சொன்னார். வயது அறுபது, துளைக்கருவி அவர் பொறுப்பு.
பாட்டன் மசூரியாவிலிருந்து சுரங்கத்துக்கு வந்தவர்.
"அவர்கள் தோண்டினார்கள், நான் அடைக்கிறேன்," என்றார்,
சிரிக்காமல்.

ஒன்றரைக்குப் பொலிஸ் வந்தது.
இரைச்சல் தடுப்புச் சுவருக்கு அப்பால், மூன்றாம் மாடியிலிருந்து
லெங்கெமான் அம்மா அழைத்திருக்கிறார்.
துளையிடும் சத்தமா, கேட்டேன்.
இல்லையாம். கார்ச் சத்தம் நின்றதும் விழித்துக்கொண்டாராம்,
ஏதோ நடந்துவிட்டதென்று.

பதினொரு மீட்டரில் துளைக்கோல் சட்டென விழுந்தது.
எதிர்ப்பு இல்லாமல் போகிற அந்தக் கணம்
கருவியில் அல்ல, ஷிமானெக்கின் தாடையில்தான் முதலில் தெரியும்.
வரைபடம் ஒன்பது கனமீட்டர் என்றது.
ஒன்பதை ஊற்றினோம். பத்தொன்பதை.
இன்னொரு லொறி வந்தது, பிறகு இன்னொன்று.
காங்கிரீட் போன இடம் தெரியவில்லை.
பசித்த வாய் போல என்று சொல்ல வந்து
ஊரின் பெயர் ஞாபகம் வர, பேசாமலிருந்தேன்.

நாற்பத்தொன்றில் நிரம்பியது.

அப்போதுதான் சொன்னார்.
யுத்தம் முடிந்து இரண்டாவது குளிர்காலம்.
அடுப்பில் போட நாற்காலிகூட மிச்சமில்லை.
அவர் தகப்பனும் அயலவர் இருவரும்
இரவில் இறங்கி வாளியால் அள்ளினார்கள்,
யாரையும் கேட்காமல், எந்தத் தாளிலும் கீறாமல்.
"இந்த இடமா?"
"ஏதோ ஓரிடம். தோட்டத்துக்குப் பின்னால் என்று மட்டும் சொல்வார்.
எங்கே, தோட்டத்தைக் காட்டு பார்க்கலாம்."
சுற்றிப் பார்த்தேன்.
விளக்குக் கம்பம், நீலப் பலகை, என் கூம்புகள்.

படிவத்தில் ஒரு கட்டம்: மேலதிக அளவுக்குக் காரணம்.
குளிர், என்று எழுதினார்.
ஈரக் கையுறையோடு அதை வெட்டிவிட்டு
தெரியவில்லை, என்று எழுதினார்.

துளைவாயை மூடி, தார் அப்பி, ஐந்துக்குத் திறந்தோம்.
முதலில் பாண் வண்டி, பிறகு தாதியரின் சிறு கார்கள்.
ஆறரைக்கு ஊரத் தொடங்கியது.
மூன்றாம் மாடியில் விளக்கு அணைந்தது.

எண்பத்தைந்து கூம்புகள்.
மறுபடி எண்ணினேன்.