நொடிக்கு ஒன்பது அடி

விமானத்தில் ஏறியதில்லை நான்.
ரங்கூன் நில அளவை ஆபீசில்
சன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்த அறை.
பறந்தவன் எடுத்ததைக் கழுவி,
உட்கார்ந்தவன் நான் உயரம் சொல்வேன்.

அறுபத்துமூன்று மார்ச்சில்
மிச்சினாவிலிருந்து டின் டின்னாக வந்தது பிலிம்.
கேமராக்காரன் கோ தெய்ன் ஹான்
மூடியில் பென்சிலால் ஒரு வரி எழுதி அனுப்புவான்:
காற்று அதிகம்.
கை விறைத்துவிட்டது.
மேகம், மேகம், மன்னிக்கவும்.
ஒன்றில் மட்டும்:
இங்கே ஆறு பிறக்கிறது, மெதுவாகக் கழுவு.

மெதுவாகத்தான் கழுவினேன்.
ரங்கூன் குழாயில் வருவது ஏரித் தண்ணீர்,
ஐராவதி அல்ல; அப்படிச் சொல்லிக்கொள்ள
ஆசையாக இருந்தது, சொல்லவில்லை.
சிவப்பு விளக்கடியில், தாளில்
முதலில் எழுந்தது பனியின் நாக்கு.
அதன் நுனியில்
அரிசி களைந்த கழுநீர் போல்
பிரிந்து, கூடி, மறுபடி பிரிந்து
சரளையில் வழி தேடும் இழைகள்.
மேகா என்று அதற்குப் பெயர்.
என் காதில் அது மேகம் என்றே விழும்.
மலையை அரைத்து அரைத்து
பனி கலக்கிய வெளுப்பு.

இரண்டு படம். நடுவே இருபது நொடி.
இடக்கண்ணுக்கு ஒன்று, வலக்கண்ணுக்கு ஒன்று.
கண்ணாடிக்குள் குனிந்தால்
தட்டைத் தாள் விருட்டென்று மலையாகும்.
பதினாறு வருஷம் பார்த்த பிறகும்
அந்த ஒரு கணம் வயிறு கூசும் எனக்கு.

அன்று மலை மலையாக நின்றது.
ஆறு மட்டும்
கரைக்கு மேலே,
காயப்போட்ட வேட்டி காற்றில் எழும்பியதுபோல்
அந்தரத்தில் கிடந்தது.

கண்ணைத் துடைத்தேன். கண்ணாடியைத் துடைத்தேன்.
விமானம் தெற்கே திரும்பி எடுத்த வரிசையை வைத்தேன்.
அதே வளைவு, அதே பாறை.
ஆறு இப்போது தன் படுகைக்கும் கீழே
கிணற்றுக்குள் போயிருந்தது.

பிரிவுத் தலைவி மா ஸா யி வந்து
சுருட்டைத் தள்ளிப் பிடித்துக் குனிந்தாள்.
"நுரை நகர்ந்திருக்கிறது, வேறொன்றுமில்லை.
விமானத்துக்கு எதிரே வந்தால் மேலே தெரியும்,
கூடவே ஓடினால் கீழே.
நகர்கிற எதையும்
இந்தக் கருவி உயரம் என்று எண்ணிக்கொள்ளும்.
கரையைப் பிடி.
தண்ணீரை நம்பாதே."

கரையைப் பிடித்தேன்.
புள்ளி புள்ளியாக ஆற்றை இறக்கி
அதன் இடத்தில் படுக்கவைத்தேன்.

மதியம், வெளிநாட்டார் அட்டை புதுப்பிக்கும் வரிசை.
எந்த ஊர்?
கமாயுட்.
அதில்லை. எந்த ஊர்?
அப்பா வந்திறங்கிய கப்பலின் பெயரைச் சொன்னேன்.
வியாகுலம் என்பதை மூன்றாக வெட்டி எழுதினார்.
எத்தனை நாள் தங்குவதாக உத்தேசம் என்ற கட்டத்தில்
என்னைக் கேட்காமலே
ஒரு கோடு இழுத்தார்.
ரசீதுக்குக் கால் மணி நேரம் ஆனது.

திரும்பி வந்தபோது ஆபீசில் யாருமில்லை.
காலையில் திருத்திய பொய் உயரத்தை
மறுபடி எடுத்து வைத்து அளந்தேன்.
எவ்வளவு மிதந்ததோ அவ்வளவு நகர்ந்திருக்கிறது.
நகர்ந்ததை இருபதால் வகுத்தேன்.
நொடிக்கு ஒன்பது அடி.
பனியை விட்டு வந்த முதல் மைல்களிலேயே
அத்தனை அவசரம்.

வரைபடத்தில் உயரத்துக்கு எண் உண்டு.
ஊர்ப்பெயருக்கு இடம் உண்டு,
பர்மியில் ஒன்று, கச்சினில் ஒன்று.
வேகத்துக்கு எதுவும் இல்லை.
தாளின் ஓரத்தில், பென்சிலால், சின்னதாக எழுதிவைத்தேன்.

காலையில் மா ஸா யி அதைப் பார்த்துவிட்டாள்.
ரப்பரை எடுத்தாள்.
உதட்டுக்குள் வகுத்துப் பார்த்தாள், இரண்டு தரம்.
ரப்பரை மேசையில் வைத்துவிட்டு
பையனிடம் தேநீர் சொன்னாள், இரண்டு கோப்பை.

அச்சுக்குப் போகும்போது
ஓரத்தை வெட்டிவிடுவார்கள்.
அது அவளுக்கும் தெரியும்.