நிமிஷத்துக்கு இருபது காய்

காங்கயத்துக்குத் தெக்க எங்க களம்.
விடியாலம் அஞ்சு மணிக்கே
உரிச்ச காய் குமிஞ்சு கெடக்கும்.
இடது உள்ளங்கையில வெச்சு
அருவா முதுகுல ஒரே போடு:
ரெண்டு மூடி. காலடியில தண்ணி.
நிமிஷத்துக்கு இருபது காய் ஒடைப்பேன்.
சரசாள் இருபத்திரெண்டு.

தூரம் நின்னு ரெண்டு வருஷங்கழிச்சு
அவளுக்கு மறுபடி பட்டுது.
ஒடம்புச் சூடுக்கான்னா.
வெந்தயம் முழுங்கினா,
உச்சந்தலையில வெளக்கெண்ண வெச்சா.
சேலை நனைஞ்ச அன்னிக்கு
பருப்புச் சாக்கை மடிமேல போட்டுக்கிட்டுக்
காய் ஒடைச்சா.

ஐப்பசியில கோயமுத்தூர் கொண்டுபோனப்ப
டாக்டர் கேட்டது ஒண்ணுதான்:
எத்தனை நாளா?
அவ வூட்டுக்காரருக்குத் தெரியல.
எனக்குத் தெரியும்.
அந்தச் சாக்கை எடுத்துக் குடுத்தவ
நானுங்க.

தை மாசம் பரிமளா நர்ஸம்மா களத்துக்கே வந்தாங்க.
"முப்பது தாண்டின எல்லாரும் வாங்க.
நல்லா இருக்கறவங்கதான் முக்கியமா வரணும்.
வலி வந்தப்புறம் வந்தா
எனக்கும் சிரமம், உங்களுக்கும் சிரமம்."
மேஸ்திரி பீடியை நசுக்கிட்டு
அரை நாள் கூலி போயிரும்னார்.

பேர் குடுத்தது பதினொரு பேரு.
குட்டியானை வண்டி கெளம்பறப்ப நாலு பேரு.
ஒருத்தி மாடு கன்னு போடுதுன்னா,
ஒருத்தி மாமியா வையும்னா.
நாச்சக்கா மட்டும் நெசஞ் சொன்னா:
"இருந்துட்டா என்ன பண்றது?"
அந்தக் கேள்வியவும் ஏத்திக்கிட்டுத்தான்
வண்டி போச்சு.

பச்சைத் திரை. கால் வெக்க ரெண்டு இரும்பு.
மூணு பெத்த ஒடம்புதான்,
ஆனாலும் முட்டியும் முட்டியும் ஒட்டிக்கிச்சு.
நர்ஸம்மா அவசரப்படுத்தல.
கருவியை மொதல்ல என் கையில குடுத்தாங்க.
வாத்து மூக்காட்ட இருந்துச்சு.
"சில்லுங்கும். வாயத் தொறந்து மூச்சு விடுங்க்கா."
பஞ்சுல தொட்டுத் தடவினது வினிகர்,
நாள்பட்ட நீச்சத்தண்ணி வாசம்.
"இப்ப ஒரு நிமிஷம் பொறுக்கோணும்."

கடிகாரம் கண்ணுக்கு எட்டல.
மனசுக்குள்ள காய் ஒடைச்சேன்.
ஒண்ணு. ரெண்டு. மூணு.
பதினெட்டாவது காய்க்கு
சரசாள் இந்நேரம் முடிச்சிருப்பாள்னு பட்டுது,
எண்ணிக்கை தவறிப்போச்சு.

"வெள்ளை எதுவும் இல்லீங்க்கா.
அஞ்சு வருஷம் போச்சுன்னா மறுபடி வாங்க."

களத்துல வெள்ளைன்னா
வெலை கூடின பருப்பு.
இங்க வெள்ளை தெரிஞ்சா நின்னு பாக்கோணும்.
மயிலாத்தாளுக்குத் தெரிஞ்சுது.

பைப்படியில மூஞ்சி கழுவினா.
தொடச்சா. மறுபடி கழுவினா.
"கேன்சர்ங்கலியாமா.
ஆகாம இருக்கத்தான் பாக்கறாங்களாமா."
அதையே வழி நெடுக
மூணு தரஞ் சொன்னா.

திருப்பூருக்குச் சீட்டு. நான் கூடப் போனேன்.
பெருசாக்கிப் பாக்கற மெஷின்ல பாத்து,
துணுக்கெடுத்து அனுப்பி,
முடிவு வந்து, இன்னொரு நாள் கூலியும் போயி,
அந்த எடத்துக்கு மட்டும் சூடு வெச்சாங்க.
சூடுதான். ஆனா சரசாள் சொன்ன சூடு இல்ல.
பஸ் ஸ்டாண்டுல தேங்காய் பன்னு ரெண்டு தின்னா,
தேங்காயக் கண்டாலே குமட்டுதும்பா எப்பவும்.

அடுத்த திங்கக்கெழமை
நாச்சக்கா எம் பக்கத்துல வந்து குந்தினா.
பார்வை காய்மேல.
"உள்பாவாடை கழட்டோணுமா?"
தூக்கினாப் போதும்னேன்.
டப்.
"ஆம்பளை டாக்டரா?"
இல்லீன்னேன்.
டப்.
"கூலி எவ்வளவு புடிச்சாங்க?"
சொன்னேன்.
வெரலை மடக்கிக் கணக்குப் போட்டா.
வர்றேன்னும் சொல்லல, மாட்டேன்னும் சொல்லல.

அவளுக்கும் எனக்கும் நடுவுல
பருப்புச் சாக்கு ஒண்ணு கெடந்துச்சு.
எந்திரிச்சு, அதை எடுத்துக்
கை எட்டாத தூரத்துல போட்டுட்டு வந்து
குந்தினேன்.