பத்தாக்காவின் தடிமன்

ரயிலே இல்லாத நாட்டில்
ரயில் விடுகிறேன்.
மங்காஃபில் ஐந்தாவது மாடி,
என் கட்டிலுக்கும் ஜெசிந்தாவின் கட்டிலுக்கும் நடுவே
நான்கடிக்கு இரண்டடி ஒட்டுப்பலகை.
விருந்தாள் வந்தால் நிமிர்த்திச் சுவரில் சாய்ப்போம்.
அப்போது கடல் செங்குத்தாக நிற்கும்.

எனக்குப் பல் செய்யும் லேபில் வேலை.
அச்செடுத்துவிட்டுப் பல் கட்ட வராமலே போனவர்களின்
மஞ்சள் கல்பொடித் தாடைகள்
ஒரு பெட்டி நிறைய இருந்தன.
எறியச் சொன்னார்கள், எடுத்து வந்தேன்.
உடைத்து, கவிழ்த்து ஒட்டி,
காப்பித்தண்ணீர் பூசியதும் குன்றுகள்.
சுரங்கப்பாதைக்கு மேலே துருத்தி நிற்கும் பாறை
யாரோ ஒரு மிஸ்டர் குத்தூஸின் கீழ்க்கடைவாய்.
உற்றுப் பார்த்தால் சொத்தை தெரியும்.

மணலுக்கு அலையவில்லை.
கார் நிறுத்தும் காலி மனையில் ஒரு டப்பா அள்ளினேன்.
பழைய காலுறையில் சலித்து,
அலுமாரிக் கதவின் காந்தத்தைக் கழற்றி மேலே ஓட்டினால்
கறுப்பாய் மீசை முளைத்தது காந்தத்துக்கு.
அந்த இரும்புத்தூள் போனால் எஞ்சினின் மோட்டார் செத்துவிடும்.
ஏழு முறை ஓட்டினேன்.
எட்டாவது முறையும் கொஞ்சம் வந்தது.

தக்கை, அதன்மேல் தண்டவாளம்,
இரண்டு கம்பிக்கும் நடுவே ஒன்பது மில்லிமீட்டர்.
ஜல்லியைத் தேக்கரண்டியால் தூவி,
தூரிகையால் கட்டைகளுக்கிடையே ஒதுக்கி,
வெள்ளைப் பசையில் பாதி தண்ணீர்,
பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு,
ஊசியில்லாத சிரிஞ்சில்
துளி
துளியாக.
சோப்பு இல்லாவிட்டால் பசை உருண்டு ஓடும்,
மணலுக்குள் இறங்காது.

"இது எந்த ஸ்டேஷன்? உங்க ஊரா?"
பார்க்க வருகிற எல்லோருக்கும் இதே கேள்வி.
இல்லை.
"அப்ப விழுப்புரமா?"
இல்லைங்க.
இடது பக்கம் கடல், வலது பக்கம் பைப்லைன்,
நடுவில் நான் போட்ட பாதை.
பெயர்ப்பலகைக்கு மஞ்சள் அடித்தேன்,
எழுத்து போடவில்லை.

லேபில் எனக்கொரு பெயர் உண்டு:
நான் சேர்த்த இரண்டு பல்லுக்கு நடுவே
நூல் நுழையாது.
அதே திமிரில்தான் கம்பிகளையும் இணைத்தேன்.
முட்ட முட்ட.
ரயில் ஓடியது சத்தமே இல்லாமல்,
பிரிட்ஜுக்குள் ஓடுவதைப் போல.

ஆகஸ்ட் லீவுக்குப் போனோம்.
நாற்பது நாள் ஏசி இல்லை.
திரும்பிவந்து கதவைத் திறந்தால்
அறைக்குள் ரொட்டி அடுப்பின் மூச்சு.
கடலோர வளைவில் தண்டவாளம் எழும்பி நின்றது,
ஈறைக் கிழித்துக்கொண்டு வரும்
கடைசிப் பல்லைப் போல.
பசை விட்டிருந்தது. ஜல்லி தெறித்திருந்தது.
மிஸ்டர் குத்தூஸுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை முழுக்க
லேபின் அறுப்புத் தட்டால் பன்னிரண்டு இடத்தில் வெட்டினேன்.
எவ்வளவு விடுவது?
மணிபர்ஸில் தேடியதில்
பத்தாக்காதான் கைக்கு வந்தது.
அடையாள அட்டை, இந்த ஊர்ப் பேச்சில்.
வெட்டில் சொருகி, இருபுறமும் கம்பியை நெருக்கி,
பசை காயும்வரை விட்டேன்.
தண்டவாளத்தின் குறுக்கே
இடுப்பளவு ஜல்லியில் புதைந்து
என் முகம் நின்றது, காலாவதித் தேதியோடு.
பிறகு அடுத்த வெட்டில்.
பிறகு அதற்கடுத்ததில்.

இரவு ஒன்பதுக்கு மின்சாரம் கொடுத்தேன்.

டக்.
டக்.
டக்-டக்.

நைட் டியூட்டி முடிந்து பகலெல்லாம் தூங்காத ஜெசிந்தா
போர்வைக்குள்ளிருந்து சொன்னாள்,
"இப்பத்தான் இது ரயிலு."
பலகை ஓரமாகக் கையை நீட்டி எஞ்சினை நிறுத்தப் போனேன்.
"விடு, ஓடட்டும். தூங்கணும்."

ஓடவிட்டு உட்கார்ந்திருந்தேன்.
சுரங்கத்துக்கு அந்தப் பக்கம்
இன்னும் இரண்டு அங்குலத்துக்கு ஜல்லி போடவில்லை.